ஐம்பத்தெட்டுக்கும் இருபத்தாறுக்கும் நடுவில்

கேள்வி:

நான் ஒரு பொதுத்துறை வங்கியின் கிளை மேலாளர். பெண், வயது 34. தஞ்சை மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர்க் கிளை. என்னையும் சேர்த்து ஏழு பேர். மூன்று பேர் 55-ஐத் தாண்டியவர்கள், மூன்று பேர் 30-க்குள். எனக்கு அடுத்த நிலையில் இருக்கும் சீனியர் ஆபீசருக்கு 58 முடிந்துவிட்டது. இன்னும் 14 மாதத்தில் ஓய்வு. கம்ப்யூட்டரில் எதையும் அவராகச் செய்ய மாட்டார். தன் பாஸ்வேர்டையே 26 வயது பி.ஓ.விடம் (ப்ரொபேஷனரி ஆபீசர்) சொல்லி, "நீயே போட்டு விட்டுடுப்பா" என்கிறார். கடன் பைல் போனால் நாலு நாள் அவர் மேசையில் கிடக்கிறது. சின்னவர்களோ 5.30 ஆனால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அதற்குமேல் போன் எடுப்பதில்லை. போன மாதம் கவுண்டரில் வாடிக்கையாளர்கள் முன்னாலேயே அந்த பி.ஓ. "என்ன அங்கிள், இதுகூடத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. மதியச் சாப்பாடும் இரண்டு கோஷ்டியாகிவிட்டது. ரீஜனல் ஆபீசில் சொன்னபோது, தலைமுறைகளைப் புரிந்துகொள்வது பற்றி எல்லோருக்கும் ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். பூமர், மில்லெனியல், ஜென் இசட் என்று வகை பிரித்து ஒவ்வொருவரின் குணத்தையும் ஸ்லைடில் காட்டினார்கள். திரும்பி வந்த பிறகு நிலைமை இன்னும் மோசம். அந்தப் பெயர்களைச் சொல்லியே ஒருவரை ஒருவர் குத்திக்கொள்கிறார்கள். இந்தத் தலைமுறை இடைவெளியை நான் எப்படிச் சமாளிப்பது?

பதில்:

அன்புள்ள மேலாளருக்கு, வணக்கம்.

முதலில் அந்த பாஸ்வேர்ட். மற்றதையெல்லாம் ஆற அமரப் பேசலாம். இது மட்டும் நாளைக் காலை கிளை திறப்பதற்குள் நின்றாக வேண்டும்.

வங்கியில் ஒருவர் பதிவு போடுவார், இன்னொருவர் சரிபார்த்து அனுமதிப்பார். இரண்டும் ஒரே ஆள் கைக்குப் போய்விட்டால் கிளையில் கட்டுப்பாடு என்று எதுவும் மிச்சமில்லை. நாளைக்கே ஒரு கணக்கில் பணம் குறைந்தால் பாஸ்வேர்டைக் கொடுத்தவர், வாங்கிப் பயன்படுத்தியவர், தெரிந்தும் விட்டுவைத்த நீங்கள் என மூன்று பேரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்த இளைஞர் ஒரு பைசாவைத் தொட்டிருக்க மாட்டார். ஆனால் அது அவரைக் காப்பாற்றாது. ஓய்வுக்கு முன்னால் தொடங்கிய ஒழுங்கு நடவடிக்கை ஓய்வுக்குப் பிறகும் தொடரலாம், அது முடியும்வரை பலன்களை நிறுத்தி வைக்கலாம் என்பது உங்கள் சீனியருக்கு உங்களைவிட நன்றாகவே தெரியும். அப்படியிருந்தும் கொடுக்கிறார் என்றால், கம்ப்யூட்டர் முன் திணறுவதை நாலு பேர் பார்ப்பது அவருக்கு அதைவிடப் பெரிய பயமாக இருக்கிறது. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

நாளை இருவரையும் தனித்தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள். பழையதைக் கிளற வேண்டாம். "இன்று முதல் அவரவர் ஐடியில் அவரவர்தான். பாஸ்வேர்டை இப்போதே மாற்றிவிடுங்கள்" என்றால் போதும். கொஞ்ச நாளைக்கு வேலை மெதுவாகத்தான் நடக்கும். அந்தத் தாமதத்துக்கு ரீஜனல் ஆபீஸ் கேட்டால், நீங்கள் பதில் சொல்லுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வங்கிப் பயிற்சிக் கல்லூரிகளில் பல வருஷமாக வகுப்பெடுக்கிறேன். நீங்கள் போய் வந்த அந்த ஸ்லைடுகளை நானும் பார்த்திருக்கிறேன். அவற்றால் பயன் இல்லை, கெடுதல் உண்டு என்பதே என் கருத்து. 'பூமர்' என்பது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் குழந்தைப் பிறப்பு ஏறிய 1946 முதல் 1964 வரையிலான ஆண்டுகளில் பிறந்தவர்களுக்கு அங்கே வைத்த பெயர். தஞ்சாவூருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? உங்கள் சீனியர் 1960-களின் பிற்பாதியில் பிறந்திருப்பார். அந்தக் கணக்குப்படியேகூட அவர் பூமர் கிடையாது.

ஆராய்ச்சியும் இந்த வகை பிரிப்புக்குத் துணை நிற்கவில்லை. வேலைத் திருப்தி, நிறுவனத்தின் மேல் பிடிப்பு, வேலையை விட்டுப் போகும் எண்ணம் ஆகியவற்றில் தலைமுறைகளுக்கு நடுவே இருக்கும் வித்தியாசம் மிகச் சிறியது, பல இடங்களில் இல்லவே இல்லை என்று, பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசிய ஓர் ஆய்வு 2012-இல் காட்டியது. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அகாடமிகள் இதற்கென்றே ஒரு குழு போட்டு, ஊழியர்களை நிர்வகிக்கத் தலைமுறைப் பெயர்களை நம்பாதீர்கள் என்ற முடிவுக்கு 2020-இல் வந்தன. இந்தப் பெயர்களைப் பரப்பியதில் பெரிய பங்குள்ள அமெரிக்காவின் பியூ ஆய்வு மையமே, இனி அவற்றை யோசித்துத்தான் பயன்படுத்துவோம் என்று 2023-இல் அறிவித்தது.

காரணம் ரொம்ப எளிது. 26 வயதுக்காரர் 5.30-க்குக் கிளம்புகிறார். 26 வயதில் எல்லோருமே அப்படித்தானா? 1990-களின் கடைசியில் பிறந்ததாலா? இல்லை, இன்றைய வேலை போன் வழியாக வீட்டுக்கும் வந்துவிடுவதால் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்களா? வயது, பிறந்த காலம், இன்றைய சூழ்நிலை மூன்றும் பின்னிக் கிடக்கின்றன. ஒருநாள் பார்த்துவிட்டு எது காரணம் என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

அப்படியானால் உங்கள் கிளையில் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது, நிறையவே இருக்கிறது. சமூகவியலாளர் கார்ல் மன்ஹைம் 1928-லேயே சொன்னது இந்த இடத்தில் உதவும்: ஒரே ஆண்டுகளில் பிறந்தால் மட்டும் தலைமுறை உருவாகிவிடாது, இளம் வயதில் ஒரே பெரிய மாற்றத்துக்குள் அகப்பட்டு வெளிவந்தவர்களே ஒரு தலைமுறை ஆகிறார்கள். அந்தக் கண்ணோடு பார்த்தால், பிறந்த வருஷத்தைவிட வேலையில் சேர்ந்த வருஷம்தான் உங்களுக்கு அதிகம் சொல்லும். எந்த நிபந்தனையில் சேர்ந்தார், அன்று வேலை என்பது என்னவாக இருந்தது, எதற்குப் பாராட்டு கிடைத்தது, எதற்கு அடி விழுந்தது, இதையெல்லாம் கேளுங்கள்.

உங்கள் சீனியர் 1980-களின் கடைசியிலோ 90-களின் தொடக்கத்திலோ வங்கிப் பணித் தேர்வு வாரியத்தின் பரீட்சை எழுதி கிளார்க்காகச் சேர்ந்திருப்பார். அன்று பல கிளைகளில் கையால் எழுதும் லெட்ஜர்தான். சேமிப்புக் கணக்குக்கு வட்டி எப்படிப் போட்டார்கள் தெரியுமா? ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் நடுவில் இருந்த மிகக் குறைந்த இருப்பைத் தேடி எடுத்து, ஆறு மாதத்துக்கும் அதைக் கூட்டி, ஒவ்வொரு கணக்குக்கும் கையால் கணக்கிட வேண்டும். (தினசரி இருப்புக்கு வட்டி என்பது 2010 ஏப்ரலில்தான் வந்தது.) அரையாண்டு முடிவில் லெட்ஜர் மொத்தம் ஐம்பது பைசா இடித்தாலும் அது கிடைக்கும்வரை யாரும் வீட்டுக்குப் போக முடியாது. அழகான கையெழுத்து, மனக்கணக்கு, ஆயிரம் வாடிக்கையாளரின் கையெழுத்தைப் பார்த்தவுடன் அடையாளம் சொல்லும் கண் என்று அன்று ஒரு நல்ல ஊழியரின் பெருமையாக இருந்தவை இவை. இன்று இவை ஒன்றுக்கும் மதிப்பு இல்லை. அவர் கற்றுக்கொள்ள மறுத்ததால் இந்தத் திறமைகள் வீணாகவில்லை. வேலை மாறிவிட்டது.

அப்புறம் 2000-01-இல் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. பொதுத்துறை வங்கிகளிலிருந்து சுமார் ஒரு லட்சம் பேர் வெளியேறினார்கள். பக்கத்து மேசைக்காரர்கள் ஒவ்வொருவராகப் போவதைப் பார்த்துக்கொண்டே இவர் இருந்துவிட்டார். அதன்பின் எல்லாக் கிளைகளையும் இணைக்கும் மென்பொருள். உங்கள் வங்கி 2020 ஏப்ரலில் பத்து வங்கிகள் நான்காக இணைந்தபோது அதில் ஒன்றா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படி இணைக்கப்பட்ட வங்கியிலிருந்து வந்தவராக அவர் இருந்தால், 50 வயதுக்கு மேல் மென்பொருளும் சர்க்குலரும் பணி மூப்பு வரிசையும் இன்னொரு முறை தலைகீழாகியிருக்கும்.

இப்போது அந்த நாலு நாள் பைலுக்கு வருவோம். இளையவர்கள் இதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்கிறார்கள், நீங்களும் பாதி அப்படித்தான் நினைக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்தில் தெரிகிறது. கையெழுத்து பயம் என்று ஒன்று உண்டு. பணிக்காலம் முழுவதும் சுத்தமாக இருந்த ஒருவர், கடைசி வருஷத்தில் போட்ட ஒரே கையெழுத்துக்காக விஜிலென்ஸ் விசாரணையில் சிக்கி, ஓய்வுநாளில் மாலை போடாமல் சார்ஜ் ஷீட் கொடுத்த கதை எந்த வட்டாரத்தில் கேட்டாலும் கிடைக்கும். இழக்க ஏராளமாக இருப்பவர் அவர். ஒரு பைலை அனுமதித்தால் அவருக்குக் கிடைக்கப்போவது எதுவும் இல்லை. இந்தக் கணக்கில் யாராக இருந்தாலும் பைலை மேசையில்தான் போட்டு வைப்பார்கள். இன்றைய பி.ஓ.வும் 2058-இல் அதையேதான் செய்வார்.

இளையவர்கள் பக்கம் பார்ப்போம். பல வங்கிகளுக்கும் சேர்த்து ஆள் எடுக்க 2011-இல் தொடங்கிய ஐ.பி.பி.எஸ். பொதுத் தேர்வின் வழியே, ஒரு இடத்துக்குப் பல பேர் மோதும் போட்டியில் ஜெயித்து வந்தவர்கள். பலர் இன்ஜினியரிங் படித்தவர்கள். சேர்ந்த முதல் வாரத்திலிருந்தே டார்கெட். 436 ரூபாய் ஆயுள் காப்பீடு, 20 ரூபாய் விபத்துக் காப்பீடு, அடல் பென்ஷன், வாடிக்கையாளர் விவரங்களைப் புதுப்பிக்கும் ரீ-கே.ஒய்.சி., செயலியை டவுன்லோடு செய்ய வைப்பது, இதற்கெல்லாம் காலை, மதியம், மாலை என்று வாட்ஸ்அப்பில் எண்ணிக்கை கேட்டு வரும் மெசேஜ். சீனியர்கள் அன்று இரவு வரை உட்கார்ந்தார்கள் என்பது உண்மை. கிளார்க்குகளுக்கு அதற்கு ஓவர்டைம் கிடைத்தது என்பதும், கணக்கு நேரானால் வேலை முடிந்தது என்ற நிம்மதி இருந்தது என்பதும் உண்மை. டார்கெட் அப்படி முடிவதில்லை. இன்று பத்து போட்டால் நாளைக்குப் பதினைந்து.

இன்னொன்று, யாரும் வாய்விட்டுப் பேசாதது. 2010 ஏப்ரல் 1 முதல் வங்கியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது, என்.பி.எஸ். என்ற தேசிய ஓய்வூதியத் திட்டம்தான். முழுப் பணிக்காலம் முடித்த சீனியருக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி அளவு மாதாமாதம் உறுதியாக வரும். இளையவருக்குச் சந்தை என்ன கொடுக்கிறதோ அது. "நாங்களெல்லாம் வங்கிக்காக உயிரைக் கொடுத்தோம்" என்று பெரியவர் சொல்லும்போது, "உங்களுக்கு வங்கி திருப்பிக் கொடுத்தது, எங்களுக்கு அந்த வாக்குறுதி இல்லையே" என்றுதான் இளையவர் மனதில் ஓடுகிறது. விசுவாசம் இந்தத் தலைமுறையில் குறைந்துவிட்டது என்று சொல்வதற்குமுன் இந்த இரண்டு ஒப்பந்தங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் நியாயம்.

உங்கள் கிளையின் வயதுப் பட்டியலைப் படித்தபோது என் கண்ணில் முதலில் பட்டது அதில் இல்லாதவர்கள். 35-க்கும் 55-க்கும் நடுவில் ஒருவர்கூட இல்லை. 1990-களிலும் அடுத்த பத்து வருஷத்திலும் ஆள் எடுப்பது குறைந்து, விருப்ப ஓய்வில் பலர் போய், பிறகு 2010-க்குமேல் மொத்தமாக ஆள் எடுத்ததன் விளைவு இது. பொதுவாக ஓர் அலுவலகத்தில் 58 வயதுக்காரரும் 26 வயதுக்காரரும் நேருக்கு நேர் மோதிக்கொள்ளவே மாட்டார்கள். நடுவில் 45 வயதில் ஒருவர் இருப்பார். லெட்ஜரையும் எழுதியிருப்பார், மென்பொருளையும் கற்றிருப்பார். பெரியவரிடம் "விடுங்க சார், சின்னப் பையன்" என்றும், சின்னவரிடம் "சாரை அப்படியெல்லாம் பேசாதே, அவர் பார்க்காத ஆடிட்டா" என்றும் சொல்லி ஆற்றிவிடுவார். யாரும் கேட்காமலே, பதவி விவரத்தில் இல்லாத இந்த வேலை எல்லா அலுவலகங்களிலும் நடந்துகொண்டிருக்கிறது. உங்கள் கிளையில் அதைச் செய்ய ஆள் இல்லை. தலைமுறை இடைவெளி என்று நீங்கள் எழுதியதில் பெரும்பகுதி இந்தக் காலி நாற்காலிதான். 34 வயதில் அதில் உட்கார வேண்டியவர் நீங்கள்.

அதில் உங்களுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. உங்கள் வயதைப் பார்த்தால் நீங்களும் தேர்வெழுதி என்.பி.எஸ்.ஸில் வந்தவர்தான். இளையவர்கள் உங்களைத் தங்கள் ஆள் என்று நினைக்கிறார்கள், சீனியர்களும் அப்படியே நினைக்கிறார்கள். கூடவே, வயதில் மகள் மாதிரி இருக்கும் ஒரு பெண்ணிடம் பைலை நீட்டி நிற்பது உங்கள் சீனியருக்குப் புதிது. நடுநிலை என்று நீங்கள் வாயால் சொல்வது எடுபடாது. யாருக்கு எந்த வேலை, யாருக்கு எந்த நாள் லீவு என்பதில்தான் அவர்கள் உங்களை எடைபோடுவார்கள். இளையவர்கள் மட்டும் இருக்கும் வாட்ஸ்அப் குழு ஏதாவது இருந்து அதில் நீங்களும் இருந்தால், வெளியே வந்துவிடுங்கள்.

சீனியரிடம் தனியாகப் பேசுங்கள். உங்கள் கேபினுக்குக் கூப்பிட்டால் விளக்கம் கேட்பதாகத் தோன்றும். கூட்டம் குறைந்த பிறகு அவர் மேசைக்குப் போய், எதிரே ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். கம்ப்யூட்டரைப் பற்றித் தொடங்காதீர்கள். மேசையில் கிடக்கும் பைல்களில் ஒன்றை எடுத்து, "சார், இதில் உங்களுக்கு எது உறுத்துகிறது?" என்று கேளுங்கள். ஏதோ ஒன்று இருக்கும். வில்லங்கச் சான்றில் ஒரு சந்தேகம், ஜாமீன்தாரர் பற்றி ஒரு பழைய ஞாபகம். அதைக் காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள், அதன் கீழே உங்கள் முடிவை எழுதி நீங்கள் கையெழுத்துப் போடுங்கள். பொறுப்பில் தானும் பங்கு எடுக்கும் மேலாளர் என்று தெரிந்தால் நாலு நாள் ஒரு நாளாகும். பேசிப் புரியவைப்பதால் இது வராது.

பிறகு அவருடைய மானிட்டரைப் பாருங்கள். எழுத்து என்ன அளவில் இருக்கிறது? 58 வயதுக் கண்ணுக்கு அந்தத் திரையின் பொடி எழுத்து தெரிகிறதா? ஜன்னல் வெளிச்சம் திரையில் விழுகிறதா? அற்பமாகத் தோன்றும், ஆனால் நான் போகும் இடங்களில் எல்லாம் முதலில் கேட்பது இதைத்தான். ஜெர்மனியில் டிங்கோல்ஃபிங் ஊரிலுள்ள பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலையில் 2007-இல் ஒரு சோதனை செய்தார்கள். இன்னும் பத்து வருஷத்தில் தங்கள் தொழிலாளர்களின் சராசரி வயது 47 ஆகிவிடும் என்று கணக்கிட்டு, அந்தச் சராசரி வரும்படி இப்போதே ஒரு பிரிவில் ஆட்களைச் சேர்த்தார்கள். என்ன மாற்ற வேண்டும் என்று அவர்களையே கேட்டார்கள். மரத்தளம், உட்கார்ந்து வேலை செய்ய நாற்காலி, உருப்பெருக்கிக் கண்ணாடி என்று சுமார் எழுபது சின்னச் சின்ன மாற்றங்கள். ஒரு வருஷத்தில் உற்பத்தித்திறன் 7 சதவீதம் ஏறியது. வயதானவர்களுக்கு வேகம் வராது என்று முடிவு கட்டியிருந்தால் அந்த நாற்காலியை யாரும் போட்டிருக்க மாட்டார்கள்.

கற்றுக்கொடுப்பதை நீங்களே செய்யுங்கள். காலையில் வாடிக்கையாளர் வருவதற்குமுன் இருபது நிமிஷம். அவருக்கு அன்றாடம் தேவைப்படும் மூன்று, நான்கு திரைகள் மட்டும்: அனுமதி கொடுப்பது, கணக்கு விசாரணை, ஸ்டேட்மெண்ட் எடுப்பது. மௌஸை நீங்கள் தொடக் கூடாது. அவர் கை, அவர் நோட்டு. படிப்படியாக அவர் கையெழுத்திலேயே எழுதிக்கொள்ளட்டும். எழுதி எழுதிக் கற்றவர் அவர். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் 1999-இல் அதன் தலைவர் ஜாக் வெல்ச், மூத்த அதிகாரிகள் ஐநூறு பேருக்கு இன்டர்நெட்டைக் கற்றுத்தர இளைய ஊழியர்களை நியமித்தார். அந்த ஏற்பாட்டைப் பலரும் காப்பி அடிக்கிறார்கள். ஆனால் அங்கே முதலாளி ஸ்தானத்தில் இருந்தவரும் உட்கார்ந்து கற்றார், ஐநூறு பேருக்கும் ஒரே உத்தரவு. யாரும் தனியாகக் குறிவைக்கப்படவில்லை. உங்கள் கிளையில் இன்றைக்கு அந்த பி.ஓ.வை அவர் பக்கத்தில் உட்கார வைத்தால், 'அங்கிள், இதுகூடத் தெரியாதா' என்பதன் தொடர்ச்சியாகத்தான் அது அவருக்குப் படும்.

அந்த வார்த்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எல்லோரையும் நிற்க வைத்து மன்னிப்புக் கேட்கச் சொல்லாதீர்கள். அதில் பெரியவருக்குத்தான் கூச்சம். பி.ஓ.விடம் தனியாகச் சொல்லுங்கள்: வாடிக்கையாளர் முன் ஒரு ஊழியரைத் தாழ்த்துவது தவறு, எதிரே இருப்பவர் எந்த வயதாக இருந்தாலும். கிளைக்குள் சார், மேடம்தான். அவராகப் போய் "சாரி சார்" என்று சொன்னால் நல்லது, சொல்ல வைக்க வேண்டாம். அதே நாளில் சீனியர்களிடமும் பேசுங்கள். டெல்டாப் பக்கத்தில் "வாப்பா, போம்மா" என்று கூப்பிடுவது பிரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் 25 வயதுப் பெண்ணை "பாப்பா, அந்த பாஸ்புக்கை எடு" என்று அவர்கள் கூப்பிட்டால், அடுத்து வரும் வாடிக்கையாளரும் "பாப்பா" என்றுதான் கூப்பிடுவார். அந்தப் பெண் ஒரு விண்ணப்பத்தை மறுத்தால் "ஏய், பெரியவங்களைக் கூப்பிடு" என்பார். மரியாதைக் குறைவு இரண்டு பக்கமும் நடக்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் கண்டித்தால் நீங்கள் கட்சி சேர்ந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

5.30 விஷயத்தில் நான் பெரும்பாலும் இளையவர்கள் பக்கம். வேலை நேரம் முடிந்தால் கிளம்புவது குற்றமில்லை. எதற்குக் கூப்பிட்டால் போனை எடுத்தே ஆக வேண்டும் என்று நீங்களே எழுதிவையுங்கள்: கேஷ் நேராகவில்லை, ஏ.டி.எம். பிரச்சினை, மோசடிச் சந்தேகம். மற்றதெல்லாம் மறுநாள் காலை. மாலையில் ஒருவர் தங்க வேண்டிய நாட்களுக்கு முறை போடுங்கள், அதில் சீனியர்களும் நீங்களும் இருக்க வேண்டும். அதற்குமுன் இரண்டு வாரம், யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று உங்களுக்கு மட்டும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். காப்பீடு, ரீ-கே.ஒய்.சி., கைரேகை, செயலி எல்லாம் அந்த மூன்று இளையவர்கள் தலையில்தான் விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் லாக்கர், வவுச்சர் சரிபார்ப்பு, கேஷ் அனுப்பும் வேலை, கவுண்டர் விசாரணை ஆகியவற்றைச் சீனியர்கள் பக்கம் நகர்த்துங்கள். "அவங்க வேலையும் நாங்கதான் செய்யறோம்" என்ற இளையவர்களின் புகாரில் நியாயம் இருந்தால், அதை அறிவுரையால் ஆற்ற முடியாது.

சேர்ந்து செய்யும் ஒரு வேலையாவது அவர்களுக்கு வேண்டும். குறுவைக்கோ சம்பாவுக்கோ பயிர்க்கடன் கொடுக்குமுன் வயல் பார்க்கப் போவீர்கள் அல்லவா, சீனியரையும் பி.ஓ.வையும் ஒரே வண்டியில் அனுப்புங்கள். ஆனால் வாடிக்கையாளர் எதிரில் யார் பேசுவது என்பதை முன்னாலேயே தீர்மானித்துவிடுங்கள்: அங்கே சீனியர் பேசுவார், பி.ஓ. படம் எடுத்து ரிப்போர்ட் எழுதுவார். எந்த நிலம் அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் கோர்ட்டில் கிடக்கிறது, யாருடைய பட்டா யார் பேரில் இருக்கிறது, யார் மூன்று கிளையில் நகை வைத்திருக்கிறார், எந்தக் குடும்பம் ஒரு போகம் போனாலும் தை மாதத்தில் வந்து கட்டிவிடும், இதெல்லாம் எந்தத் திரையிலும் இல்லை. தவணை தவறத் தொடங்கியிருக்கும் எஸ்.எம்.ஏ. கணக்குகளில் இருபதை எடுத்து இருவரிடமும் சேர்த்துக் கொடுங்கள். பெரியவர் வீட்டு வாசலில் நின்று பேசி வசூலிப்பதைப் பார்க்கும் இளைஞருக்கு, அவரைப் பற்றிய எண்ணம் தானாக மாறும். இளைஞர் அதே கணக்கின் ஐந்து வருஷ வரவு செலவை ஒரு நிமிஷத்தில் எடுத்துக் காட்டும்போது, பெரியவருக்கும் அப்படியே. சாப்பாட்டு மேசையை ஒன்றாக்க நீங்கள் முயற்சி செய்ய வேண்டாம். ஒன்றானால் சந்தோஷம்.

உங்களால் தீர்க்க முடியாதவை சில உண்டு. ஓய்வூதிய வித்தியாசம் உங்கள் கையில் இல்லை. டார்கெட்டும் ஆள் பற்றாக்குறையும் அப்படித்தான். இவற்றை "எல்லாம் சரியாகிவிடும்" என்று பூசி மெழுகாதீர்கள். "இது என்னால் முடியாது, இது முடியும்" என்று காலைக் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். இரண்டு தரப்புமே அதை மதிப்பார்கள்.

கடைசியாக அந்த 14 மாதம். வழக்கமாக என்ன நடக்கும் என்றால், ஒருவர் ஓய்வு பெற்று இரண்டு மூன்று மாதம் கழித்து அந்த இடத்துக்கு ஆள் வருவார். அப்போது கேட்டுத் தெரிந்துகொள்ள யாரும் இருக்க மாட்டார்கள். இப்போதே ரீஜனல் ஆபீசுக்கு எழுத்துமூலம் கேளுங்கள்: ஓய்வுக்குக் குறைந்தது மூன்று மாதம் முன்னதாக மாற்று ஆள் வேண்டும், இருவரும் சேர்ந்து வேலை பார்க்க வேண்டும் என்று. முடிந்தால் 40 வயதைத் தாண்டிய ஒருவரைக் கேளுங்கள். கிடைப்பது கஷ்டம்தான், என்றாலும் கேட்டு வைப்பதில் தப்பில்லை. அந்தக் கடிதத்தை எழுதும்போது சீனியரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கைமாற்றித் தர வேண்டியவை என்னென்ன என்று அவரிடமே பட்டியல் கேளுங்கள்: அடமானப் பத்திரங்கள் எந்தெந்தப் பீரோவில், கோர்ட்டில் நிற்கும் வழக்குகள், ஆளைப் பார்த்துத்தான் தீர்க்க வேண்டிய கணக்குகள். அவர் சொல்லச் சொல்ல அந்தப் பட்டியலை டைப் அடிப்பவர் அந்த பி.ஓ.வாக இருக்கட்டும். அதற்குள் அவர்களுக்குள் பேச்சு வந்திருக்காவிட்டாலும் பரவாயில்லை, இந்த வேலைக்குப் பேசித்தான் ஆக வேண்டும்.